ஆபரேஷன் நெற்றிப் பக்கம், ரத்தக்கசிவு பிடரிப் பக்கம்: சிறுமூளையில் நேரும் ஓர் அரிய சிக்கல்

மூளை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொல்கிறார். கட்டியை எடுத்தாயிற்று, ரத்தமும் அதிகம் போகவில்லை. வாசலில் காத்திருந்த குடும்பத்துக்கு அப்போதுதான் உயிர் வருகிறது. சில மணி நேரம் கழித்து, நோயாளி எதிர்பார்த்தபடி கண் விழிக்கவில்லை, சி.டி. ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறோம் என்கிறார்கள். படத்தில், ஆபரேஷன் செய்த இடம் சுத்தமாக இருக்கிறது. ரத்தம் தெரிவது தலையின் பின்புறம், சிறுமூளையில். கத்தி அந்தப் பக்கமே போகவில்லை.

இப்படியும் நடக்குமா என்றால், நடக்கும். மண்டையோட்டைத் திறந்து பெருமூளையில் செய்யும் ஆபரேஷன்களில் 0.08 முதல் 0.6 சதவீதம் வரை இது நேர்வதாக வெவ்வேறு மருத்துவமனைகளின் கணக்குகள் சொல்கின்றன. ஆயிரம் பேருக்கு ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவர்கள் இதைத் தொலைவிடச் சிறுமூளை ரத்தக்கசிவு என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். அறுவை நடந்த இடத்திலிருந்து தள்ளி நிகழ்வதால் அந்தப் பெயர். பெரும்பாலான குடும்பங்கள் இதைக் கேள்விப்படுவதே ஐ.சி.யூ. வாசலில்தான். அந்த நேரத்தில் மனத்தில் முதலில் எழுவது, யாரோ கை தவறிவிட்டார்களோ என்ற சந்தேகம். அதற்கு விடை தேட ரத்தத்தைவிட்டுக் கொஞ்சம் விலகி, மூளையைச் சுற்றி இருக்கும் நீரைப் பார்க்க வேண்டும்.

வழக்கமான கசிவு எங்கே நேர்கிறது?

அரிதானதைப் புரிந்துகொள்ள, முதலில் வழக்கமானதைப் பார்த்துவிடலாம். மூளை ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் கசிந்தால் அது பெரும்பாலும் ஆபரேஷன் செய்த இடத்திலேயே இருக்கும். கட்டியை எடுத்த குழிக்குள் தேங்கலாம். மண்டையோட்டுக்கும் மூளையின் தடித்த மேலுறைக்கும் நடுவில் சேரலாம். அந்த உறைக்கு அடியிலும் சேரலாம்.

ரத்தத்தை நிறுத்துவதுதான் மூளை அறுவை மருத்துவத்தின் ஆரம்பகாலப் பெரும் போராட்டம். அமெரிக்க நிபுணர் ஹார்வி குஷிங் 1911-இல் சின்னஞ்சிறு வெள்ளிக் கிளிப்புகளால் ரத்தக்குழாய்களை நெருக்கிப் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில், இயற்பியலாளர் வில்லியம் போவி உருவாக்கிய மின்சாரக் கருவியைக் கொண்டு ரத்தக்குழாய்களைச் சுட்டு மூடியபடி ஒரு கட்டியை எடுத்தார். ரத்தம் நிற்காது என்று பயந்து கைவிட்ட கட்டிகளைக்கூட அதற்குப் பிறகு தொட முடிந்தது. இன்று அந்தக் கருவிகள் எவ்வளவோ நுட்பமாகிவிட்டன. ஆனாலும் மயக்கம் தெளியும்போது நோயாளி இருமுவார், திமிறுவார், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மூடிய ஒரு சிறு குழாய் அப்போது திறந்துகொள்ளலாம்.

பிரிட்டனிலிருந்து 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட 2305 பேரில் 50 பேருக்கு மண்டைக்குள் ரத்தக்கட்டு உண்டானது. அந்த 50 பேரில் 44 பேருக்கு முதல் 6 மணி நேரத்துக்குள்ளேயே நிலை மோசமாகிவிட்டது. ஐ.சி.யூ.வில் நர்ஸ் அடிக்கடி வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பதும், பெயர் கேட்பதும், கையை அழுத்தச் சொல்வதும் இதனால்தான். தூங்கவிடாமல் தொந்தரவு செய்கிறார்களே என்று நமக்குத் தோன்றும். செய்யட்டும். அந்த முதல் இரவில் நோயாளிக்குக் கிடைக்கும் மிக முக்கியமான சிகிச்சை அந்தக் கவனிப்புதான்.

கசிகிற ரத்தம் சில ஸ்பூன் அளவாக இருந்தாலும் ஏன் ஆபத்து? மண்டையோடு விரியாது. அதற்குள் மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர் என்று மூன்றுதான் இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோ 1783-இலும், அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824-இலும் சொல்லிவைத்த கணக்கு இது. இன்றைக்கும் மூளை ஐ.சி.யூ.க்கள் இந்தக் கணக்கின் மேல்தான் நடக்கின்றன.

மூளை மிதக்கிறது

நமது மூளையின் எடை ஏறத்தாழ 1400 கிராம். இளகிய வெண்ணெய் போன்ற பொருள் என்று சொல்லலாம். அவ்வளவு மென்மையான ஒன்று தன் கனத்தாலேயே நசுங்காமல் இருப்பதற்குக் காரணம், அது மூளைத் தண்டுவடத் திரவம் எனப்படும் தெளிந்த நீரில் மிதப்பதுதான். கிணற்றில் குடத்தை இறக்கி நீர் மொண்டவர்களுக்கு இது தெரியும்: தண்ணீருக்குள் இருக்கும்வரை நிறைகுடம் கனக்காது, நீர்மட்டத்தைவிட்டு மேலே வந்ததும்தான் கயிறு கையை இழுக்கும். மூளையும் அப்படித்தான். 1400 கிராம் மூளை, நீருக்குள் மிதக்கும்போது 50 கிராம் அளவுக்குத்தான் கனக்கிறது.

பெரியவர்களுக்கு எந்த நேரத்திலும் இந்த நீர் 150 மில்லி அளவில் இருக்கும். மூளையின் உள்ளறைகளில் மணிக்குச் சுமார் 20 மில்லி வீதம் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் அரை லிட்டர். ஊறுகிற அளவுக்கு ரத்தத்தில் கலந்து வெளியேறியும் விடும். மூளையை மட்டும் சுற்றி நிற்காமல், முதுகுத்தண்டுக்குள்ளும் இடுப்பு வரைக்கும் இதே நீர்தான் இறங்கிப் போகிறது. இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூளை ஆபரேஷனில் இந்த நீரை வெளியே விடுவது பல நேரங்களில் அவசியம். மூளையின் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாய் வீக்கத்தை அடைய வேண்டும் என்றால் மூளையைப் பலவந்தமாக விலக்க முடியாது. நீரை மெல்ல வடித்துவிட்டால் மூளை தளர்ந்து தானே இடம் கொடுக்கும். நோயாளியின் நன்மைக்காகச் செய்வது இது. ஆனால் சிலரிடம், வடிந்த நீரின் அளவு கூடிப்போகும்போதோ, ஆபரேஷன் முடிந்த பின்னும் குழாய் வழியே வடிந்துகொண்டே இருக்கும்போதோ, தாங்கிப் பிடித்த நீர் போய் மூளை கீழ்நோக்கித் தொய்கிறது.

அங்கேதான் சிறுமூளை சிக்குகிறது. பெருமூளைக்கு அடியில், பிடரிக்கு நேராக, ஒரு சிறிய எலும்புக் குழிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே கூடாரச் சவ்வு என்கிற தடித்த திரை. சிறுமூளையின் மேல்பரப்பிலிருந்து சில மெல்லிய சிரைகள் அசுத்த ரத்தத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சவ்வை ஒட்டிய பெரிய ரத்த வாய்க்கால்களுக்குப் போகின்றன. ஒரு முனை சிறுமூளையில், மறுமுனை அசையாத சவ்வில். சிறுமூளை சில மில்லிமீட்டர் கீழே இறங்கினாலும் நடுவிலிருக்கும் சிரை இழுபடும். இழுபட்டால் அதன் உட்புறம் குறுகும், மடங்கும், சில சமயம் கிழியும். ரத்தம் வெளியேற வழி அடைபட்டதும் பின்னால் அழுத்தம் கூடி, சிறுமூளையின் மேல் மடிப்புகளுக்குள் கசியத் தொடங்குகிறது. தலைக்குள் நீரின் அழுத்தம் குறைந்திருப்பதால் சிரையின் சுவரை வெளியிலிருந்து தாங்கும் விசையும் குறைந்திருக்கும். அதுவும் கசிவுக்குத் துணை போகிறது.

இது தமனியிலிருந்து வரும் ரத்தம் இல்லை, சிரையிலிருந்து வருவது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இடத்தை வைத்துத்தான். உயர் ரத்த அழுத்தத்தால் சிறுமூளையில் தமனி வெடித்தால் ரத்தம் ஆழத்தில், உருண்டு திரண்டு ஒரே கட்டியாக நிற்கும். இந்தக் கசிவு அப்படி இருக்காது. மேல்பரப்பில், மடிப்புகளின் இடுக்குகளில், மெல்லிய வரிகளாகப் பரவியிருக்கும். பல நேரங்களில் நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் இருக்கும். எந்தத் தமனியின் எல்லைக்குள்ளும் அடங்காத இந்தப் பரவலை மூளையைச் சுற்றிய நீர் குறைவதும் சிரை இழுபடுவதும் நன்றாக விளக்குகின்றன. அதனால்தான் இன்று பெரும்பாலான நிபுணர்கள் இந்த விளக்கத்தை ஏற்கிறார்கள்.

கண்டுபிடித்ததும் பெயர் வைத்ததும்

மனித மூளையின் முதல் சி.டி. ஸ்கேன் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் எடுக்கப்பட்டது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவி. அதற்கு முன் இப்படிப்பட்ட கசிவுகள் நேர்ந்திருந்தால், பெரும்பாலும் உடற்கூறு ஆய்வில்தான் தெரிந்திருக்கும். சிறிய கசிவுகள் தெரியாமலே போயிருக்கும். அடுத்த சில ஆண்டுகளில், 1977-இல், சூரிச் நகரின் யாசர்கில், யோனெகாவா ஆகிய இருவரும் தங்கள் ஆபரேஷன் முடிவுகளைப் பற்றிய கட்டுரையில் இப்படி நேர்ந்ததைப் பதிவு செய்தார்கள். நுண்ணோக்கி வழியே மூளை ஆபரேஷன் செய்யும் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் காஸி யாசர்கில். அவ்வளவு தேர்ந்த கைகளிலும் இது நேர்ந்தது, அதை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒரு சிக்கல் எழுத்தில் பதிவானால்தான் அடுத்த ஊர் மருத்துவர் அதைத் தேடிப் பார்ப்பார்.

2005-இல் ஜெர்மன் மருத்துவர்கள் சிலர் இந்தக் கசிவு ஸ்கேனில் தெரியும் விதத்துக்கு வரிக்குதிரை அடையாளம் என்று பெயர் வைத்தார்கள். மடிப்புகளின் இடுக்குகளில் நிற்கும் ரத்தம் வெள்ளை வரியாகவும் நடுவிலிருக்கும் சிறுமூளைத் திசு கறுப்பு வரியாகவும் மாறிமாறித் தெரியும். இந்தப் பெயரால் நோயாளிக்கு உண்மையான பலன் உண்டு. நடு இரவில் படத்தைப் பார்க்கும் ஓர் இளம் டாக்டருக்கு அந்த வரிகள் அடையாளம் தெரிந்தால், ரத்தக்குழாய் வெடித்துவிட்டதோ, இன்னொரு கட்டி இருக்கிறதோ என்று தேவையில்லாத சோதனைகளுக்கு ஓடாமல், எங்கே நீர் வடிகிறது என்று நேராக வடிகுழாயைப் பார்ப்பார்.

எந்த ஆபரேஷன்களில் அதிகம்?

நீர் அதிகம் வெளியேறும் ஆபரேஷன்கள் எல்லாவற்றிலும் இதற்கு வாய்ப்பு உண்டு. மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குக் கிளிப் போடுவது ஒன்று. மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்காகப் பொட்டுப் பக்கத்து மூளைப்பகுதியை எடுப்பது இன்னொன்று. அங்கே திசுவை எடுத்த குழி பெரிதாக இருப்பதால் நீரும் நிறைய வடிகிறது. மற்ற ஆபரேஷன்களைவிட இந்த இரண்டிலும் இது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. தலைத்தோலுக்கு அடியில் வைக்கும் உறிஞ்சு குழாய், ஆபரேஷனுக்கு முன் இருந்த உயர் ரத்த அழுத்தம், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள், கழுத்தை வெகுவாகத் திருப்பிவைக்கும் நிலை ஆகியவையும் காரணங்களாகச் சந்தேகிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்லும் அளவுக்கு நோயாளிகளின் எண்ணிக்கை இல்லை. அரிய நோய்களில் இந்தச் சங்கடம் எப்போதும் உண்டு.

முதுகுத்தண்டுக்குள்ளும் அதே நீர்தான் ஓடுகிறது என்று முன்னால் சொன்னேன். அதனால் தலையைத் தொடாமலே, இடுப்பிலோ கழுத்திலோ முதுகெலும்பு ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் சிறுமூளையில் கசிவு வரலாம். கழுத்து எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி நேர்ந்ததை 1981-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். தண்டுவடத்தின் உறை கிழிந்து, நீர் கசிந்து, அதை உறிஞ்சு குழாய் இழுத்துக்கொண்டே இருந்தால் பல மணி நேரத்தில் தலைக்குள் இருக்கும் நீரும் குறைந்துவிடும். முதுகு ஆபரேஷன் வார்டில் தலைவலி என்று சொன்னால் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுந்து உட்கார்ந்தால் அதிகமாகி, படுத்தால் குறைகிற தலைவலி நீர் கசிகிறது என்பதற்கு அடையாளம். அதை அவசியம் சொல்ல வேண்டும். அதோடு வாந்தி, பேச்சுக் குழறல், தூக்கக் கலக்கம் என்று ஏதாவது சேர்ந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கவே கூடாது.

எப்படித் தெரியும்?

பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். முதல் அடையாளம் மந்தம். மயக்க மருந்து தெளிய வேண்டிய நேரம் கடந்தும் விழிப்பு வராது. அல்லது நன்றாக விழித்துப் பேசியவர் மறுபடி கண்ணை மூடத் தொடங்குவார். சிறுமூளை எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் மொத்த நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அதற்குள்தான் இருக்கின்றன. உடலின் சமநிலை, கைகால் ஒத்திசைவு, பேச்சின் தெளிவு எல்லாம் அதன் பொறுப்பு. எனவே அங்கே கசிந்தால் பேச்சு குழறும், விரலால் மூக்கைத் தொடச் சொன்னால் குறி தவறும், கண்மணிகள் துடித்துத் துடித்து ஆடும், உட்கார வைத்தால் ஒரு பக்கம் சாயும். தலைவலியும் வாந்தியும் இருக்கும். கைகால் செயலிழப்பு பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் இதைக் கவனிக்காமல் விட வாய்ப்பு உண்டு. கை அசைகிறது, கால் அசைகிறது, சரிதானே என்று தோன்றிவிடும்.

சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வழக்கமாக எடுக்கும் ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும், தானே கரைந்தும் போகும்.

கண் விழிக்கத் தாமதமானால் அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மயக்க மருந்து மெல்லத் தெளிவது, வெளியே தெரியாத வலிப்பு, ரத்தத்தில் சோடியம் குறைவது எனப் பல இருக்கலாம். சி.டி. ஸ்கேன் எடுக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள். சந்தேகம் வந்தால் உடனே எடுத்துப் பார்ப்பதுதான் சரி. காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

சிகிச்சை

நல்ல செய்தி, பலருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. முதல் வேலை மூளை நீர் வடிவதை நிறுத்துவது. உறிஞ்சு குழாய் இருந்தால் அதை மூடுவார்கள் அல்லது உறிஞ்சும் விசையைக் குறைப்பார்கள். நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைக்கலாம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பார்கள். மேல் எண் 160-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் பல மருத்துவமனைகளில் இருக்கிறது, சில இடங்களில் அதைவிடவும் குறைவாக வைப்பார்கள். உறைதலில் குறை இருந்தால் ரத்தத் தட்டணுக்களோ பிளாஸ்மாவோ ஏற்றுவார்கள். அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பவும் ஸ்கேன்.

பயப்பட வேண்டிய நிலை ஒன்று உண்டு. சிறுமூளை இருக்கும் குழி மிகச் சிறியது. அதற்கு முன்னால் மூச்சையும் இதயத்துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நீர் கீழே இறங்கும் வழி. கசிவும் வீக்கமும் அந்த வழியை அடைத்தால், மணிக்கு 20 மில்லி வீதம் ஊறும் நீர் போக இடமில்லாமல் மேல் அறைகளில் தேங்கும். நீர் குறைந்ததால் தொடங்கிய சிக்கல், நீர் தேங்குவதில் வந்து நிற்கும். அப்போது மூளையின் அறைக்குள் மெல்லிய குழாய் செருகி நீரை அளந்து வெளியேற்ற வேண்டியிருக்கும். அழுத்தம் இன்னும் கூடினால் பிடரி எலும்பில் ஒரு பகுதியை எடுத்து இடம் உண்டாக்கி, ரத்தக்கட்டை நீக்குவார்கள். ரத்த அழுத்தம் ஏறி, நாடி மெதுவாகி, மூச்சு ஒழுங்கு தப்பினால் மூளைத்தண்டு நசுங்குகிறது என்று பொருள். இந்த மூன்றும் சேர்ந்து வருவதை விளக்கியவரும் அதே ஹார்வி குஷிங்தான்.

முடிவு எப்படி இருக்கும்? இதுவரை பதிவானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முழுமையாகவோ, சிறு குறைகளோடோ தேறியிருக்கிறார்கள். 10 முதல் 15 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். அந்த மரணங்களில் சிலவற்றுக்கு, ஆபரேஷன் தேவைப்பட்ட மூல நோயும் காரணமாக இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற அரிய கசிவுகள்

ஆபரேஷன் சரியாக நடந்தும், தலைக்குள் இருந்த ஏதோ ஒரு சமநிலை மாறியதால் ரத்தம் கசிவது சிறுமூளையோடு முடிந்துவிடுவதில்லை. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட பிறவிக் கோளாறு சிலருக்கு மூளையில் இருக்கும். அந்தப் பின்னல் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால் அக்கம்பக்கத்துத் திசு குறைந்த ஓட்டத்துக்குப் பல ஆண்டுகளாகப் பழகியிருக்கும். பின்னலை எடுத்ததும் முழு ஓட்டமும் ஒரேயடியாக அந்தத் திசுவுக்குள் பாயும். அதன் குழாய்கள் தாங்காமல் வீங்கலாம், கசியலாம். அமெரிக்க நிபுணர் ராபர்ட் ஸ்பெட்ஸ்லரும் அவரது குழுவும் 1978-இல் இதை விளக்கினார்கள். அதனால் பெரிய பின்னல்களை ஒரே நாளில் எடுக்காமல், முதலில் ரத்தக்குழாய் வழியே சில பகுதிகளை அடைத்து, மூளையைப் பழக்கிவிட்டுப் பிறகு எடுப்பது உண்டு. ஒரே தடவையில் முடித்துவிடக் கூடாதா என்று கேட்கும் குடும்பங்களுக்குப் பதில் இதுதான்.

வயதானவர்களுக்கு எங்கோ லேசாக இடித்துக்கொண்டு, வாரக்கணக்கில் மூளை உறைக்கு அடியில் பழைய ரத்தம் தேங்குவது நிறைய நடக்கிறது. சிறு துளை போட்டு அதை வடிப்பார்கள். மூளை ஆபரேஷன்களில் எளிதானதாகக் கருதப்படுவது. ஆனால் வேகமாக வடித்தால், நாள்பட நசுங்கிக் கிடந்த மூளை திடீரென விரிந்து, உள்ளே புதிதாக ரத்தம் கசிவது எப்போதாவது நேர்கிறது. அதனால் மெதுவாக வடியவிடுகிறார்கள்.

மூன்றாவது, விபத்தில் தலை அடிபட்டு, வீக்கத்துக்காக ஒரு பக்கத்து எலும்பை எடுக்கும்போது. அதுவரை வீக்கத்தின் அழுத்தமே மறுபக்கத்தில் எலும்பு முறிந்த இடத்தை அழுத்திப் பிடித்து, ரத்தம் வராமல் வைத்திருந்திருக்கும். ஒரு பக்கம் அழுத்தம் விலகியதும் மறுபக்கம் கசியும். ஆபரேஷன் மேசையிலேயே மூளை புடைத்துக்கொண்டு வந்தால், அனுபவமுள்ள குழு உடனே எதிர்ப்பக்கத்தைச் சந்தேகிக்கும்.

குடும்பத்தார் செய்யக்கூடியது

ஆபரேஷனுக்கு முன்பு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டை அப்படியே கொண்டுபோய்க் காட்டுவது இன்னும் நல்லது. ஆஸ்பிரின் தட்டணுக்களைச் செயலிழக்க வைக்கிறது. ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். எனவே பெரும்பாலும் ஒரு வாரம் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இதய டாக்டரும் மூளை டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையையும், நாட்டு மருந்தையும் சொல்லத் தயங்காதீர்கள். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கவில்லை, மாதவிலக்கில் உதிரப்போக்கு மிக அதிகம் என்ற பழைய கதைகளும் டாக்டருக்கு உதவும். ரத்த அழுத்த மாத்திரையை, ஆபரேஷன் அன்று காலையில் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு, தலையிலிருந்து வரும் குழாயும் குப்பியும் தொங்கினால் அதைத் தொட வேண்டாம். மூளை அறைக்குள் போகும் குழாயில், குப்பி எந்த உயரத்தில் தொங்குகிறதோ அதை வைத்துத்தான் எவ்வளவு நீர் வடியும் என்பது தீர்மானமாகிறது. கட்டிலின் தலைப்பக்கத்தை அன்பாக ஏற்றிவிட்டால்கூட அளவு மாறிவிடும். அப்பாவுக்குச் சாய்ந்து உட்கார வேண்டுமாம் என்று நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர் குழாயை மூடி, உயரத்தைச் சரிசெய்துவிட்டுத் திறப்பார். குப்பியில் சிவப்பு குறைந்து, தண்ணீர் போல வெளிறிய திரவம் வேகமாக நிறைந்தால் அதையும் சொல்லுங்கள்.

நீங்கள் டாக்டரைவிட நன்றாக அறிந்தது ஒன்று உண்டு: அந்த மனிதர் இயல்பாக எப்படிப் பேசுவார், எப்படிப் பார்ப்பார் என்பது. பார்வையாளர் நேரத்தில் உள்ளே போய் வந்தவர், காலையில் இருந்ததைவிட மந்தமாக இருக்கிறார், வாய் குழறுகிறது என்று சொன்னால் அது மதிப்புள்ள தகவல். அதை நர்ஸிடம் சொல்லுங்கள், திருப்தி இல்லையென்றால் டூட்டி டாக்டரிடமும் சொல்லுங்கள். தொந்தரவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். கசிவு நேர்ந்துவிட்டது என்று தெரிந்தால், எங்கே கசிந்திருக்கிறது, நீர் வழி அடைபட்டிருக்கிறதா, அடுத்த ஸ்கேன் எப்போது என்ற மூன்றையும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சிறுமூளை பாதிப்பு மெல்லத்தான் சரியாகும். நடை தள்ளாடும், தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் கை ஆடும். சமநிலைப் பயிற்சிக்கு இயன்முறை மருத்துவரிடம் தொடர்ந்து அழைத்துப் போக வேண்டும். குளியலறையில் வழுக்காத தரைவிரிப்பும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போட்டுவிடுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால், வாந்தி வந்தால், தூக்கம் வழக்கத்தைவிட அதிகமானால், தையல் வழியே தெளிந்த நீர் கசிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிறுத்திவைத்த ஆஸ்பிரின் போன்ற மாத்திரையை என்றைக்கு மறுபடி தொடங்குவது என்பதை அடுத்த ஸ்கேனைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதைத் தேதியோடு டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.